வளர்ற பிள்ளைக்கு ஒரு மவுத்பீஸ்

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கியதில்லை. என் நைனா, அதாவது அப்பா, தையல்காரர். செஞ்சிக் கடைத்தெருவில் இரண்டு மிஷின் போட்டு, ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு யூனிபார்ம் தைத்தவர். "வளர்ற புள்ள" என்று சொல்லிக்கொண்டேதான் டேப்பை எடுப்பார். இடுப்பில் இரண்டு அங்குலம் கூட, தோளில் அரை அங்குலம் கூட, பாவாடையின் கீழே உள்பக்கமாக நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் ஒரு மடிப்பைப் பிரிப்பார். பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம் ஒரு பட்டையாகத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் யார் எவ்வளவு வளர்ந்தாள் என்பதைப் பாவாடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் செருப்பில் கட்டைவிரலுக்கு முன்னால் எப்போதும் பஞ்சு இருக்கும். பஞ்சை எடுக்கிற அளவுக்குக் கால் வளர்வதற்குள் வார் அறுந்துவிடும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மவுத்பீஸ் விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் செய்தது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் குடும்ப வழக்கப்படி செய்தது.

எண்பதுகளின் நடுவில், நான் ஒன்பதாவது படிக்கும்போது, எங்கள் பெண்கள் பள்ளியின் பேண்டில் என்னைச் சேர்த்தார்கள். டிரில் டீச்சர்தான் பேண்டுக்கும் டீச்சர். வரிசையில் நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்து, "நீ ஒசரமா இருக்க, நீ இதத் தூக்கு" என்று ஒரு பெரிய பித்தளை வாத்தியத்தை என் கையில் கொடுத்தார். அதுதான் யூபோனியம். கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று பொத்தான்கள், மேல்நோக்கித் திறந்த பெரிய வாய், ஊதினால் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற ஒரு சத்தம். முதல் நாள் அதிலிருந்து ஒரே ஒரு சுரம் வந்தது. அது என் விலா எலும்புகளுக்குள் அதிர்ந்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வீடு வரைக்கும் ஓடியே போனேன்.

பள்ளியில் ஒரு சட்டம் இருந்தது. வாத்தியம் பள்ளிக்கூடத்துடையது, மவுத்பீஸ் அவரவருடையது. மவுத்பீஸ் என்றால் வாத்தியத்தின் குழாயில் செருகிக்கொள்கிற சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் உதட்டை வைத்து ஊத வேண்டும், அதன் காம்பு குழாய்க்குள் போகும். ஒருத்தி எச்சிலில் இன்னொருத்தி வாய் வைத்தால் தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால்தான் அந்தச் சட்டம். முதல் மூன்று வாரம் டீச்சர் தன்னுடைய மவுத்பீஸைக் கொதிநீரில் போட்டு எடுத்து எனக்குக் கொடுத்தார். அதில் நான் தட்டுத்தடுமாறி மேல் சுரம் வரைக்கும் ஏறிவிட்டேன். பிறகு, "மாசக் கடைசிக்குள்ள சொந்தமா வாங்கிடணும்" என்று எழுதிக் கொடுத்துத் தன்னுடையதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

நைனா அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். மறுநாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பேட்டர்ன் வெட்டுகிற காக்கித் தாளைச் சுருட்டி, வாத்தியக் குழாயின் வாயில் விட்டு, எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, விரியாமல் நூலால் தைத்துக்கொண்டார். "காம்பு அளவு எடுத்தாச்சி" என்றார். டிரில் டீச்சர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெருமையில் மிதந்தேன். எந்த அளவை எடுக்கவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

செஞ்சியில் அதெல்லாம் கிடைக்காது. லைனிங் துணி வாங்க நைனா பாண்டிச்சேரி போகிற அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திண்டிவனத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பசிகூட எடுக்கவில்லை. வாத்தியக் கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒல்லியாக இருந்தது. கடைக்காரர் காக்கித் தாள் பேட்டர்னை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இருபது வருஷத்தில் இப்படி அளவெடுத்துக்கொண்டு வந்தவர் நீங்கள்தான் என்றார். அந்தக் காம்புக்குப் பொருந்துகிற மூன்று மவுத்பீஸ்களைத் துணி விரித்து வைத்தார். சின்னது, நடுவாந்திரம், பெரியது. காம்பு மூன்றுக்கும் ஒன்றுதான். கிண்ணம்தான் வேறு.

"வாயில வெச்சிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"வாங்கினப்புறம் வெச்சிப் பாருங்க. வாய் வெச்சது எச்சியாயிடும், அப்புறம் யாரு வாங்குவாங்க? திருப்பியும் எடுக்கறதில்ல."

எங்களுக்கு அது நூற்றுக்கு நூறு நியாயமாகப் பட்டது. உதட்டால் தேர்ந்தெடுக்க வேண்டிய பொருளைக் கண்ணால் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். ஒவ்வொன்றையும் உதட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். கம்மல் வாங்குகிறவள் காதருகே வைத்துப் பார்ப்பாளே, அப்படி.

"படிக்கிற புள்ளைக்கு நடுவுலது சரியா இருக்கும். கிண்ணம் பெருசா போனா காத்து ஜாஸ்தி கேக்கும். மேல ஏறாது" என்றார் கடைக்காரர்.

"வளர்ற புள்ளைங்க" என்றார் நைனா.

"உதடு வளராதுங்க."

"வளராம? என் நோட்டுல இருக்குது பாருங்க. போன வருஷம் இதுக்குத் தோள் பதிமூணு. இந்த வருஷம் பதிமூணரை. தோள் வளருது, இடுப்பு வளருது, உதடு மட்டும் ஒக்காந்துட்டு இருக்குமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எல்லாப் பழியையும் நைனா தலையில் கட்ட முடியாது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து நடுவாந்திரம் போதும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியது அப்படிப் பளபளத்தது. அதன் கிண்ணத்துக்குள் என் முகம் அகலமாக, ஏதோ பெரிய வித்வாம்சினி மாதிரி தெரிந்தது. "பெருசே இருக்கட்டும் நைனா" என்றேன். கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெறும் மவுத்பீஸை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டே வந்தேன். வாத்தியம் இல்லாமல் ஊதினால் வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரைக்கும் அந்த வண்டு கத்தியது. முன் சீட்டு அம்மாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று நைனாவைக் கேட்டார். "வாசிக்குது" என்றார் நைனா, ரொம்ப கௌரவமாக.

அன்றைக்கே அதற்கு ஒரு பை தைத்தார். யாரோ கல்யாண ஜாக்கெட்டுக்கு வெட்டியதில் மிச்சமான சிவப்பு வெல்வெட். உள்ளே லைனிங், வாயில் சுருக்குக் கயிறு. மவுத்பீஸை உள்ளே விட்டால் துளியும் அசையாது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இத மட்டும் ஏன் நைனா டைட்டா தச்ச?" என்று கேட்டேன்.

"பித்தளை வளருமா இன்னா? இதுக்கு அளவாத்தான் தெக்கணும்."

நைனா வாழ்நாளில் எனக்கு அளவாகத் தைத்துக் கொடுத்த முதல் சாமான் அதுதான்.

திங்கட்கிழமை மைதானத்தில் முதல் சுரத்தை ஊதினேன். கீழ் சுரம். வேலிக்கு அந்தப்பக்கம் மேய்ந்த எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தலைகால் புரியாமல் மேலே ஏறினேன். நாலாவது சுரத்தில் சத்தம் போய் வெறும் காற்று வந்தது. இன்னும் பலமாக ஊதினேன். காற்றும் போய், மைதானம் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

தினமும் இதே கதைதான். கீழே எருமை, மேலே காற்று, பிறகு தலைச்சுற்றல். பேண்டில் கார்னெட் என்கிற குட்டி ஊதுகுழலை ஊதிய பெண்தான் எனக்கு உயிர்த் தோழி. அவள் என்னை உட்காரவைத்து விசிறிவிட்டபடி யோசனை சொல்வாள். அவள் யோசனைகள் எல்லாமே ஆபத்தானவை. "ஒதட்டப் பெருசாக்கணும், அவ்ளோதான்" என்றாள். பச்சை மிளகாயைக் கிள்ளி உதடு பூராவும் தேய்த்துக்கொண்டேன். வீங்கியது என்னவோ உண்மை. வீங்கிய உதட்டோடு தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் பைப்படியில் நின்று, ஒருத்தி அழுதும் ஒருத்தி சிரித்தும், பிறகு மாற்றியும், மணி அடிக்கிற வரை அப்படியே இருந்தோம்.

விளையாட்டு விழா ஜனவரியில். அணிவகுப்பில் பேண்டு கொடிமரத்தின் முன்னால் வந்து திரும்பும்போது மற்ற எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். யூபோனியம் மட்டும் தனியாக ஒரு சின்ன மெட்டு வாசிக்கும். பத்து விநாடிகூட இராது. அது கீழே ஆரம்பித்து மேலே ஏறி, உச்சியில் ஒரு சுரத்தில் நின்று இறங்க வேண்டும். அந்தப் பத்து விநாடிக்காகத்தான் நான் மூன்று மாதமாக அந்தப் பித்தளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். தூக்கத்தில்கூட அதைத்தான் முனகினேன் என்று என் அம்மா புகார் சொன்னாள்.

டிரில் டீச்சர் ஒரு சனிக்கிழமை என் மவுத்பீஸை வாங்கிப் பார்த்தார். "இது உன் வாய்க்கு ரொம்பப் பெருசும்மா. மாத்து. அடுத்த சனிக்கிழம மேல் சுரம் வரலன்னா அந்த மெட்டு கார்னெட்டுக்கு. நீ சிம்பல்ஸ் தட்டு."

இரண்டு பித்தளைத் தட்டுகளை மோதி சிம்பல்ஸ் தட்டுகிறவர்களைக் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து விநாடியை விட எனக்கு மனசில்லை. கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். நைனாவிடம் சொல்லலாம். ஆனால் பெரியதே இருக்கட்டும் என்று சொன்ன வாய் இதே வாய்தான். அதற்கும் மேலாக, தையல் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவர் என் வாசிப்பைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். டேப்பைக் கழுத்தில் போட்டபடி, "எங்க பொண்ணு ஊதினா மலையில போய் மோதித் திரும்பும்" என்று அவர் சொல்வதைக் கேட்டபிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

இந்த முறை கார்னெட்டுக்காரி உருப்படியாக ஒன்று சொன்னாள். அவளுக்கு அந்த மெட்டு வேண்டாம். அவளுடைய தாய்மாமா கல்யாண பேண்டு செட்டில் யூபோனியம் வாசிக்கிறவர். "எங்க மாமாவுக்கு வாய் பெருசு. பேசறதுலயும்தான். அவரு மவுத்பீஸு சின்னதா இருக்குதுன்னு எப்பப் பாத்தாலும் பொலம்புவாரு. நீ மாத்திக்கயேன்."

"அவரு எச்சி" என்றேன்.

"அவருக்கும் அதான கவல. உன் எச்சி."

போகிறதற்கு முன்னால் நைனா கடையில் ஆணியில் தொங்கிய காக்கித் தாள் பேட்டர்னை நைசாக உருவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேண்டு செட்டுக்காரர்கள் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ரைஸ்மில் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்து வாத்தியம் துடைப்பார்கள். எதிரில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை நிற்கும். மாமா பெரிய உருவம். அடர்ந்த மீசைக்குக் கீழே உண்மையாகவே பெரிய உதடு. என் பேட்டர்னை அவர் வாத்தியக் குழாயில் விட்டுப் பார்த்தோம். பென்சில் கோடு கச்சிதமாக வந்து நின்றது. பிறகு நான் வெல்வெட் பையிலிருந்து என் பெரியதை எடுத்து வைத்தேன். மாமா கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் முகத்தை வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சுமாராத்தான் இருக்குது" என்றார். நானும் அவருடையதைப் பார்த்துவிட்டு, "வெள்ளிப் பூச்சு போயிருக்குது" என்றேன். இரண்டு பேரும் அவலூர்பேட்டைச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்களைப் போல விறைத்துக்கொண்டு நின்றோம்.

கார்னெட்டுக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போய், கொட்டகைக்காரர்கள் டீ போடுகிற சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கரண்டியால் எடுத்து, ஆளுக்கொன்றாக மாற்றிக் கொடுத்தாள். "இப்ப எச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊதுங்க."

மாமா முதலில் ஊதினார். கீழ் சுரம். ரைஸ்மில் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் வாத்தியத்தை இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, தன்னையறியாமல் சிரித்தார். "தெருவே ரொம்புதும்மா" என்றார். இனிமேல் அதைத் திருப்பித் தர மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் முறை வந்தது. அவருடைய வாத்தியத்தையே வாங்கி அணைத்துக்கொண்டேன். நான் மூச்சை இழுத்துப் பலமாக ஊதப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மெள்ள ஊதிப் பாரும்மா. சத்தமா ஊதினா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மெள்ள ஊதறப்ப எது வருதோ அதான் உன்னுது."

மெதுவாக ஊதினேன். சின்ன விளிம்பு உதட்டில் வந்து உட்கார்ந்ததே வேறு மாதிரி இருந்தது. என் உதடு எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது. கீழ் சுரம் வந்தது. எருமை எதுவும் தலையைத் தூக்கியிருக்காது, அவ்வளவு சின்னச் சத்தம். அடுத்தது வந்தது. நாலாவது வந்தது. ஐந்தாவதில் காற்று வரும் என்று காத்திருந்தேன், சுரம் வந்தது. உச்சிச் சுரம் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் உதடு விரிந்துபோகும், சத்தம் நின்றுவிடும். நின்றுவிட்டது. திரும்ப ஊதினேன், திரும்ப வந்தது, திரும்பச் சிரித்தேன். கார்னெட்டுக்காரி குதித்தாள். பேண்டு செட்டுக்காரர்கள் துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். அந்த வாரம் அவர்கள் டீயில் பித்தளை வாசனை அடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை டிரில் டீச்சர் முன்னால் ஏறி இறங்கிக் காட்டினேன். "ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. மெட்டு என்னிடமே இருந்தது. வீட்டில் மட்டும் எதுவும் சொல்லவில்லை. பேட்டர்னைத் திரும்பக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். சின்ன மவுத்பீஸை அதே வெல்வெட் பையில் போட்டு, கயிற்றை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

விழா அன்றைக்கு நைனா கடையை அடைத்துவிட்டு வந்து வேலியோரம் நின்றார். டேப்பைக் கழட்ட மறந்திருந்தார். பேண்டு கொடிமரத்தை நெருங்கியது. திரும்பியது. எல்லாரும் நிறுத்தினார்கள். அத்தனை பெரிய மைதானத்தில் நான் மட்டும் இருந்தேன். ஊதினேன். மெட்டு கீழே புறப்பட்டு, ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில் போய் நின்று, அலுங்காமல் இறங்கியது. மலையில் மோதித் திரும்பியதா என்று எனக்குத் தெரியாது. நைனா பிற்பாடு சத்தியம் செய்தார்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பேண்டு மறுபடி சேர்ந்துகொள்ள வேண்டிய இடம் அது. ஆனால் எனக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது, நான் மெட்டை முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். நாற்பது பெண்கள் ஒரு காலைத் தூக்கியபடி தடுமாறினார்கள். டிரம் அடித்தவள் சமயோசிதமாக நின்ற இடத்திலேயே தாளம் போட்டாள், மொத்தப் பேண்டும் நின்ற இடத்திலேயே நடந்தது. டிரில் டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. கார்னெட்டுக்காரி சிரித்த சிரிப்பில் அவளால் அடுத்த பாட்டுக்கு ஊதவே முடியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நைனா வாத்தியப் பையை வாங்கிக்கொள்கிற மாதிரி என் கையிலிருந்து வெல்வெட் பையை வாங்கிக்கொண்டார். நாலடி நடந்தார். பையை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் குலுக்கினார். உள்ளே மவுத்பீஸ் இங்கும் அங்கும் உருண்டது. நான் நின்றுவிட்டேன்.

"லூசா இருக்குது" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். எருமை, மிளகாய், மாமா, டீச் சட்டி. சொல்லச் சொல்ல எனக்கே அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. நைனா கயிற்றைத் தளர்த்தி, மவுத்பீஸை எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். பொத்தான் காஜாவைத் தடவிப் பார்க்கிற அதே விரல்.

"பிடிப்பா இருக்குதா?"

"சரியா இருக்குது நைனா."

"பெருசு வேணும்னு நீதான கேட்ட?"

"நீயும்தான் சொன்ன."

அவர் மவுத்பீஸைப் பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தார். பிறகு, "ரெண்டாவது தரமும் நல்லாத்தான் இருந்திச்சி" என்றார். மறுநாள் காலை வெல்வெட் பை என் புத்தகங்கள் மேல் இருந்தது. இரண்டு பக்கமும் பிரித்து, உள்வாங்கித் தைத்திருந்தார். குலுக்கிப் பார்த்தேன். துளியும் அசையவில்லை.

ஜூனில் பத்தாவதுக்குப் புதுப் பாவாடை. என்னை நிற்கவைத்து அளவெடுத்தார். நோட்டில் எழுதினார். வழக்கமாக எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டைக் கூட்டுவார். பென்சில் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நோட்டை மூடிவிட்டார். பாவாடை வந்ததும் நான் முதலில் செய்த காரியம், கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தது. மடிப்பே இல்லை. ஓரம் அடித்த ஒற்றைத் தையல் மட்டும். அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது பெரிய மனுஷி மாதிரி இருந்தது எனக்கு.

அந்த வருஷம்தான் நான் மூன்று அங்குலம் வளர்ந்தேன். பொங்கலுக்குள் பாவாடை கணுக்காலை விட்டு ஏறிப்போய் நின்றது. பிரிக்க மடிப்பும் இல்லை. அம்மா தினமும் நைனாவைத் திட்டினாள். அவர் மிஷினை விட்டுத் தலையைத் தூக்கி என் காலைப் பார்ப்பார், மறுபடி மிதிக்க ஆரம்பிப்பார். நானும் வேறு தைத்துக் கொடு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பரீட்சை முடிகிறவரை அதையேதான் கட்டிக்கொண்டு போனேன்.